ஷம்சியா மாற்றிச் சொன்னது

செய்கு அலாவுதீன் அந்த அரபு எழுத்தைச் சரியாகத்தான் வாசித்தார். வினையே அதில்தான் வந்தது.

பேத்தி ஆலியா துபாயில் இங்கிலீஷ்காரப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிக்கிறாள். அவளை அழைத்துவர ஒருநாள் மகன் ஜைதோடு போயிருந்தார். காரை நிறுத்த இடம் தேடி ஜைது சுற்றிக்கொண்டிருந்தான். இவர் மட்டும் உள்ளே போய் வராந்தாவில் நின்றார். ஓர் அறையிலிருந்து ஆலியாவும் இன்னும் சில பிள்ளைகளும் வெளியே வந்தார்கள். அந்தக் கதவில் ஆங்கிலத்தில் என்னவோ போட்டு, அதற்கு மேலே அழகான அரபு எழுத்தில் ‘அஸ்ஹாபுல் ஹிமம்’ என்று எழுதியிருந்தது. ஹிம்மத்து என்றால் அவருக்குத் தெரியும். கீழக்கரை மதரஸாவில் ஓதிய காலத்திலேயே தெரியும். நெஞ்சுரம், எடுத்ததை முடிக்கிற உறுதி. அஸ்ஹாபு என்றால் தோழர்கள், கூட்டத்தார். நல்லவர்களைச் சொல்லும்போது வருகிற வார்த்தை அது. மேசையில் இருந்த எகிப்துக்காரப் பெண்ணிடம் தமக்குத் தெரிந்த அரபியில், இந்தப் பிள்ளை இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவளா என்று கேட்டார். அவள் முகம் மலர்ந்து, “நஅம், மாஷா அல்லாஹ்” என்று ஆமோதித்தாள்.

உடம்பாலோ படிப்பாலோ பின்தங்கி நிற்கிறவர்களை, மனம் நோகாமல் இருக்கட்டுமென்று, அந்த நாட்டில் அந்தப் பேரால்தான் அழைக்கிறார்கள். ஆனால் செய்கு அலாவுதீன் துபாயின் தேராவில் மசாலாக் கடை வைத்திருந்த காலத்தில் அப்படி ஒரு பேர் கிடையாது. கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு ஊரோடு போய் வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போதுதான் விசிட் விசாவில் மறுபடி வந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மருமகளைக் கூப்பிட்டார்.

“ஏம்மா ஷம்சியா, பிள்ளைய ஹிமம் கூட்டத்துல எடுத்திருக்காகளாம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?”

ஷம்சியா ஆணச் சட்டியைத் துணியோடு பிடித்தபடி நின்றாள். கறிக் குழம்பின் சூடு கையில் ஏறியது கூட அவளுக்குத் தெரியவில்லை.

“உங்களுக்கு யாரு மாமா சொன்னா?”

“யாரு சொல்லணும்? கதவுலயே எழுதிப் போட்ருக்கு. பெருமைக்குரிய விஷயத்த யாராச்சும் வீட்டுப் பெரியவன்கிட்ட மறைப்பாகளா?”

அவள் புருஷனைப் பார்த்தாள். ஜைது ரொட்டியைப் பிட்டுக்கொண்டே இருந்தான், வாயில் வைக்கவில்லை.

“ஆமா வாப்பா” என்றான், தட்டைப் பார்த்து. “எடுத்திருக்காக.”

“பாத்தியா, நம்ம வீட்டு ரத்தம்! ஆலிம்சா வீட்டுப் பிள்ளை மட்டமாப் போயிருமா? எங்க வாப்பா ஒரு தடவை கேட்டத மறக்க மாட்டாக. சபையில கிதாபைத் தொறக்காமலே ஓதுவாக.”

ஆலியா சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து டேப்லெட்டில் பூனைப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழக்கரையில் பெற்றவரை வாப்பா என்றும், தாத்தாவை அப்பா என்றும் கூப்பிடுவார்கள். “அப்பா, கம் அண்ட் சீ. இந்தக் கேட் ஃபேனைப் பாத்து ஃபைட் பண்ணுது” என்றாள். அவர் போய்ப் பார்த்தார். பூனையை விட அவளைத்தான் அதிகம் பார்த்தார்.

ஊரிலிருந்து கொண்டு வந்த தொதல் இனிப்பு இரண்டு டப்பா பிரிக்காமல் இருந்தது. மறுநாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்.

அன்றைக்குத் தேராவில் பனிமூட்டம். கழியில் அப்ராப் படகுகள் இருக்குமிடம் தெரியாமல் மோட்டார் சத்தம் மட்டும் வந்தது. கடைப் பையன்கள் ஏலக்காய், லவங்கப்பட்டை, காய்ந்த எலுமிச்சை மூட்டைகளின் வாயைச் சுருட்டி வைத்து, ஈரம் படாமல் பிளாஸ்டிக்கை எடுக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜைதின் கடை முதல் கடைசிக் கடை வரை, கீழக்கரைக்காரர், காயல்காரர், மலையாளி, ஈரானி என்று பார்க்காமல் ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்.

“எங்க பேத்தி ஸ்கூல்ல அஸ்ஹாபுல் ஹிமம்ல சேந்திருக்கு” என்று ஒவ்வொரு கடையிலும் சொன்னார்.

ஈரானிக்காரர் தொதலை நெஞ்சருகே வைத்து எழுந்து நின்றார். மலையாளி அவர் கையைப் பிடித்து விடாமல் நின்றான். முப்பது வருஷமாகப் பக்கத்துக் கடையில் இருக்கிற ஊர்க்காரன் சதக்கு, தொதலை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டான்.

“அல்லாஹ் லேசாக்கி வைப்பான், செய்கு காக்கா.”

“என்னாத்த லேசாக்கணும்? சந்தோஷமா ஒரு வார்த்தை சொல்லுடாண்டா…”

“சந்தோஷந்தான் காக்கா. ஒங்க மனசு யாருக்கு வரும்.” சதக்கு கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது.

வயசாகிவிட்டது, சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தார் செய்கு அலாவுதீன். அன்று முழுக்க ஜைதின் கடையில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஏலக்காய் பொறுக்கினார். சல்லடையை இரண்டு ஆட்டு ஆட்டி, பெரிசும் பச்சையுமாய் மேலே நின்றதை ஒரு பக்கமும், வெளுத்து வாய் பிளந்ததை ஒரு பக்கமும் தள்ளுவது அவருக்குப் பழைய வேலை. கை தானாக ஓடியது. ஜைது கல்லாவில் உட்கார்ந்து வாப்பாவின் முதுகையே பார்த்தான். இரண்டு தரம் பேச வாயெடுத்தான். வெள்ளைக்காரர்கள் சிலர் குங்குமப்பூ கேட்டு வந்தார்கள். பேச்சு அப்படியே போய்விட்டது.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். கடையைக் காரணம் சொல்லி ஜைது நழுவிக்கொண்டான். ஷம்சியா மட்டும் கிளம்பினாள். செய்கு அலாவுதீன் வெள்ளைச் சட்டையும் ஜரிகைத் தொப்பியும் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

“நீங்க எதுக்கு மாமா அலையுறீக? இங்கிலீஷ்ல வளவளன்னு பேசிக்கிட்டே இருப்பாக. ஒங்களுக்கு முதுகு வலி கண்டுரும்.”

“பெரிய மனுசன் ஒருத்தன் வீட்டுல இருக்கையில பொம்பளையத் தனியா அனுப்பிட்டு ஒக்காந்திருக்கிறதா? நட.”

“இல்ல மாமா…”

“நடங்கிறேன்ல.”

ஷம்சியா கார்ச் சாவியை எடுத்தாள்.

கூட்டம் ஒரு பெரிய ஹாலில். தலைமை ஆசிரியர் நெட்டையான வெள்ளைக்காரர். அவர் சொன்னதில் பாதி செய்கு அலாவுதீனுக்குப் பிடிபட்டது, பாதி வழுக்கிக்கொண்டு போயிற்று. இங்கிலாந்தில் இப்போது இதே பேச்சுதானாம். படிப்பில் உதவி தேவைப்படுகிற பிள்ளைகளைத் தனி அறை, தனிப் பள்ளி என்று பிரித்தது போதும்; எல்லோரோடும் ஒரே வகுப்பில் வைத்து, வகுப்பைத்தான் அவர்களுக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்று ஒரு கட்சி. பிள்ளைக்கு எழுத்திலே உறுதி செய்யப்பட்ட உதவியை மெல்லப் பிடுங்குகிற தந்திரம் இது என்று சில பெற்றோர்கள் இன்னொரு கட்சி. நம் பள்ளியிலும் வரும் செப்டம்பரில் தனி அறையை மூடிவிட்டு, அந்த ஆசிரியர்களை வகுப்புகளுக்குள்ளேயே அனுப்பலாம் என்றிருக்கிறோம். உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள் என்றார். பேச்சில் அடிக்கொரு தரம் ‘இன்குளூசன்’ வந்தது.

“அப்படின்னா என்னம்மா?”

“சேத்துக்கிறது மாமா.”

“யார சேத்துக்கிறது?”

“எல்லாரையும்.” ஷம்சியா முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தாள்.

ஒரு தகப்பன் எழுந்து, ஆங்கிலமும் இந்தியும் கலந்து, நான் கட்டுகிற பணத்துக்கு என் மகன் பின்தங்கிய பிள்ளைகளுக்காகக் காத்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று கேட்டான். இந்தி செய்கு அலாவுதீனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. முன்வரிசையில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். சேலை கட்டியிருந்தாள். ஆங்கிலத்தில்தான் பேசினாள், அறையை மூடிவிட்டு ஆள் தராவிட்டால் என் பிள்ளை எங்கே போவான் என்பது போல என்னவோ சொன்னாள். குரல் நடுங்கியது. அந்தப் பிள்ளைகளை ஆலியாவின் வகுப்பில் கொண்டுவந்து விடப் போகிறார்களா என்று இவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றார்.

“மாமா, வேணாம். ஒக்காருங்க.”

“நான் தமிழ்ல சொல்றேன். நீ இங்கிலீஷ்ல சொல்லு.”

ஹால் முழுதும் அந்த ஜரிகைத் தொப்பியைத் திரும்பிப் பார்த்தது. யாரோ மைக்கைக் கொண்டு வந்து கொடுத்தார்கள். மாமனாரும் மருமகளும் பக்கம் பக்கமாக நின்றார்கள்.

“பிஸ்மில்லாஹ். என் பேர் செய்கு அலாவுதீன். கீழக்கரை ஆலிம்சா வீடு. என் பேத்தி ஆலியா இங்க ஹிமம் கூட்டத்துல இருக்கா. எங்க பரம்பரையில மட்டமான பிள்ளைன்னு ஒண்ணு கெடையாது. அப்படிப்பட்ட பிள்ளை பக்கத்துல மட்டமான பிள்ளைகளக் கொண்டாந்து ஒக்கார வச்சா என்னா ஆகும்? அதுகளத் தனியாவே வைங்க. இஸ்ஸத்து மரியாதை உள்ள குடும்பத்துப் பிள்ளைகளக் கெடுக்காதீக. இதுதான் நான் சொல்ல வந்தது.”

சொல்லிவிட்டு மைக்கை மருமகள் கையில் கொடுத்தார்.

ஷம்சியா மைக்கை வாய்க்கருகே கொண்டுபோனாள். மைக்கில் அவள் மூச்சு கேட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் முன்னால் சத்தமாகச் சிரித்துக்கூட அறியாதவள். பிறகு ஆங்கிலத்தில் பேசினாள். நிதானமாக ஆரம்பித்து, நடுவில் குரல் உடைந்து, மறுபடி கட்டிக்கொண்டு முடித்தாள். தாம் பேசியதைவிட நீளமாக இருப்பதாக அவருக்குப் பட்டது. சரி, இங்கிலீஷில் அப்படித்தான் வரும்போலிருக்கிறது.

ஹாலே கை தட்டியது. தட்டிக்கொண்டே சிலர் எழுந்து நின்றார்கள். தலைமை ஆசிரியர் மேடையிலிருந்து இறங்கி வந்து அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். செய்கு அலாவுதீன் தலையை நிமிர்த்தி, வலது கையை நெஞ்சில் வைத்து ஸலாம் செய்தார். வயசான காலத்தில் இப்படி ஒரு மரியாதை.

கூட்டம் கலைந்து வெளியே வந்தபோது ஷம்சியா காரை எடுத்துவரப் போனாள். அவர் வாசல் பூந்தொட்டியருகே நின்றார். அந்தச் சேலை கட்டிய பெண் நேராக அவரிடம் வந்தாள்.

“ஐயா, எனக்குத் தமிழ் தெரியும். என் பேரு அகிலா. மன்னார்குடிப் பக்கம்.”

“நல்லதும்மா. சொல்லு.”

“மட்டமான பிள்ளைன்னு சொன்னீங்களே, அது என் பையன். அன்பரசன். உங்க பேத்திக்குப் பக்கத்து சீட்டு.”

“அது எப்படி? என் பேத்தி ஹிமம் ரூமுல…”

“அந்த ரூம்லதான் அவனும் இருக்கான். படிக்க முடியாத பிள்ளைங்களுக்கான ரூமுங்க அது. அந்தப் பேருக்கு இந்த ஊர்ல அதாங்க அர்த்தம். உங்களுக்கு நெசமாவே தெரியாதா?” அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கோபத்தோடு வந்தவள், கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். “உங்க மருமக நல்லவங்க. நீங்க சொன்னதை ஒரு வார்த்தைகூடச் சொல்லல. வேற என்னென்னமோ சொன்னாங்க. அதுக்குத்தான் எல்லாரும் கை தட்டுனாங்க. நானும் தட்டினேன். ஆனா எனக்கு ரெண்டும் கேட்டுச்சுங்கய்யா. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

அவள் போய்விட்டாள். கார் வந்து நின்றது. அவர் ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட மறந்து, கார் டிங் டிங் என்று கத்திக்கொண்டே வந்தது. ஷம்சியா ஓரமாக நிறுத்தி, குனிந்து, அவருக்குப் பெல்ட்டை மாட்டிவிட்டாள்.

கர்ஹூத் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. மேற்கே வெயில் புழுதி நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

“எத்தனை நாளாத் தெரியும்?”

“ரெண்டாம் வகுப்புல இருந்து மாமா. எழுத்து அவளுக்கு நிக்க மாட்டேங்குது. இன்னிக்குப் படிச்சது நாளைக்குப் புதுசா இருக்கு. ஒரு கேள்வி கேட்டா ரொம்ப நேரம் கழிச்சுத்தான் பதில் வருது. ஆனா வரும்.”

“ஜைதுக்கு?”

“தெரியும்.”

“என்கிட்ட மட்டும் மறைச்சீக. நான் என்னா புலியா? கடிச்சுத் தின்னுருவேனா?”

ஷம்சியா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்தாள். “நஜீஹாவுக்கு வந்த சம்பந்தத்த நீங்கதான மாமா முறிச்சீக. மாப்பிள்ளையோட தம்பிக்குப் பேச்சு வரலைங்கிறதுக்காக. ‘அந்த வீட்டுல தண்ணி குடிச்சாக்கூட ஒட்டிக்கிரும்’ன்னு சபையில வச்சுச் சொன்னீக. நான் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். அப்ப ஆலியா என் வயித்துல.”

வண்டி ஓரடி நகர்ந்து நின்றது. நஜீஹா அவருடைய மகள். வேறு இடத்தில் கொடுத்து நன்றாகத்தான் இருக்கிறாள். அந்தச் சபையை அவர் மறந்தே போயிருந்தார்.

“மைக்கில நீ என்னா சொன்னே?”

“விடுங்க மாமா.”

“என் வாயில போட்டுச் சொன்னேல்ல. எனக்குத் தெரிய வேணாமா?”

அவள் தமிழில் சொன்னாள். ஒப்பிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். “என் பேத்திக்குப் படிப்பு மெதுவாத்தான் வருது. எங்க வீட்டுல எல்லாரும் வேகமானவங்க. நிக்கிறதுக்கு எங்களுக்குத் தெரியாது. அவளுக்காக நிக்கக் கத்துக்கிட்டு இருக்கோம். அவள எல்லாரோடயும் ஒரே வகுப்புல வைங்க, ஆனா ஒத்தாசைக்கு இருக்கிற டீச்சரைப் பிடுங்கிராதீங்க. எங்க வீட்டுல அவளால யாருக்கும் வெக்கம் இல்ல. இவ்வளவுதான்.”

“யாருக்கும் வெக்கம் இல்லேன்னா சொன்னே?”

“ஆமா மாமா.” சிறிது நேரம் கழித்து, “அது மட்டும் பொய்” என்றாள். “ஒங்களச் சொல்லல. நானும் ஊர்ல இருந்து உம்மா போன் போட்டா, பிள்ளை ஃபர்ஸ்ட் வருதுன்னுதான் சொல்றேன்.”

வீட்டில் செய்கு அலாவுதீன் சாப்பிடவில்லை. மஃரிப் தொழுதுவிட்டு விரிப்பிலேயே உட்கார்ந்திருந்தார். ஜைது கடையிலிருந்து வந்ததும் மூவரும் அடுப்படியில் நின்று, பிள்ளைக்குக் கேட்காமல், கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள்.

“பிள்ளைய ஊருக்குக் கொண்டு போயிருவோம்” என்றார். “வீட்டோட இருக்கட்டும். உஸ்தாது பொம்பளை ஒண்ண வச்சு ஓத வைப்போம். கல்யாண வயசுல யாருக்கும் தெரியாம ஒரு எடத்துல…”

“வாப்பா, அவளுக்குப் பத்து வயசு.”

“அதனாலதான் சொல்றேன். இப்பவே மறைச்சாத்தான் மறையும்.”

“தேரா முழுக்கத் தொதல் குடுத்தது நீங்கதான வாப்பா.”

ஜைது குத்திக் காட்டச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. செய்கு அலாவுதீன் அடுப்புத் திட்டைப் பிடித்துக்கொண்டார். மகன் தன்னிடம் உண்மையைச் சொன்னது அன்றுதான் முதல் தடவை என்று தோன்றியது. கையை ஓங்கவும் முடியவில்லை.

“ஊருக்கு அனுப்ப மாட்டேன் மாமா” என்றாள் ஷம்சியா. சொல்லிவிட்டு அரிசியைக் களைய ஆரம்பித்தாள். தண்ணீர் தெளிந்த பிறகும் களைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் அவர் கடைக்குப் போனார். போகாவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு வரும். தெருவைப் பார்க்காமல், உள்ளே மூட்டைகளுக்குப் பின்னால் முக்காலியைப் போட்டுக்கொண்டார். சதக்கு டீயோடு வந்தான்.

“என்ன காக்கா, உள்ள போய்ப் பதுங்கிட்டீக? ஒங்களப் பொண்ணு பாக்க வந்திருக்காகளா?”

“சதக்கு. ஒரு கேள்வி கேக்குறேன். மழுப்பாமச் சொல்லு. அந்த ஹிமம்னா என்னான்னு ஒனக்குத் தெரியுமா?”

“இங்க இருக்கிறவனுக்குத் தெரியாதா காக்கா?”

“தெரிஞ்சுக்கிட்டேதான் தொதல் தின்னியா?”

“நீங்க குடுத்தீக, தின்னேன்.” சதக்கு டீயைக் கீழே வைத்துவிட்டு ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தான். “அன்னிக்கு ராத்திரி எங்க ரூமுல ஒங்க பேச்சுத்தான். ‘ஆலிம்சா வீட்டு மனுசன், தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு மூலையில ஒக்காருவாருன்னு நெனச்சா, கடை கடையா ஏறி இனிப்புக் குடுக்குறாருடா, எந்தப் பிள்ளையா இருந்தாலும் அல்லாஹ் குடுத்ததுன்னு’ண்டு பேசிக்கிட்டோம். எங்க தம்பி இருக்கான்ல, அவன் மகனுக்கும் கொஞ்சம் அப்படித்தான். இத்தனை வருஷமா வாயத் தொறக்காதவன் அன்னிக்குத்தான் சொன்னான். சொல்லிட்டு அழுதான். இப்ப ஏன் காக்கா கேக்குறீக?”

செய்கு அலாவுதீன் சல்லடையை எடுத்தார். அதில் ஏலக்காய் போட மறந்து, வெறும் சல்லடையை ஆட்டினார். கேவலப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். செய்யாத பெருந்தன்மைக்குத் தெருவே எழுந்து நின்றிருக்கிறது. சொல்லாத சொல்லுக்கு ஹாலே கை தட்டியிருக்கிறது. அடுத்தவர் சரக்குக்குத் தன் பேரை ஒட்டி விற்கிறவனை அவர் இந்தத் தெருவில் ஒருநாளும் மதித்ததில்லை.

“ஜைது, பள்ளிக்கூடம் விடுற நேரத்துக்கு என்னை அங்க எறக்கி விடு” என்றார்.

“ஷம்சியா போவா வாப்பா.”

“நான் போறேன். அவளுக்குப் போன் பண்ணிச் சொல்லு.”

வாசலில் வெயில் சுள்ளென்று அடித்தது. குளிர்காலம் முடிந்துவிட்டது. பெற்றோர்கள் சுவரோரம் கிடைத்த நிழலில் வரிசையாக ஒண்டிக்கொண்டு நின்றார்கள். அகிலா ஒரு தூண் மறைவில் நின்றாள். இவரைப் பார்த்ததும் போனை எடுத்துப் பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டாள்.

அவர் போய் இரண்டடி தள்ளி நின்றார். முதுகை நேராக்கிக்கொண்டார்.

“அம்மா. என்னைப் பொருந்திக்கிரணும்.”

அவள் திரும்பினாள். “என்னது பொருந்தணும்?”

அவர்கள் ஊரில் ஹஜ்ஜுக்குப் போகும்போதும், உடம்புக்கு முடியாமல் கிடக்கும்போதும், தெரிந்தும் தெரியாமலும் செய்ததற்காக ஒருவரிடம் ஒருவர் அப்படித்தான் கேட்பார்கள். மன்னார்குடிக்காரிக்கு அது தெரிய வழியில்லை. வேறு வார்த்தை தேடினார். இருக்கிற வார்த்தை ஒன்றுதான். மனைவியிடம்கூட அதை அவர் சொன்னதில்லை.

“மன்னிச்சிரும்மா. நேத்துப் பேசுனது.”

அகிலா போனைப் பைக்குள் போட்டாள். “உங்களுக்குத் தெரியாமச் சொன்னீங்க. அது பரவால்லைங்க” என்றாள். “ஆனா தெரியாதுங்கறதுனாலதான சொன்னீங்க? பக்கத்து வீட்டுப் பிள்ளைன்னா சொல்லலாம், நம்ம வீட்டுப் பிள்ளைன்னா கூடாது. அப்படித்தான?”

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“என்கிட்ட ஏங்கய்யா கேக்குறீங்க” என்றாள் அவள், இன்னும் மெதுவாக.

மணி அடித்தது. பிள்ளைகள் பையை இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஆலியாவும் அன்பரசனும் சேர்ந்தே வந்தார்கள். ஒரு தண்ணீர் பாட்டிலுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆலியா அவரைப் பார்த்ததும் பாட்டிலை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“அப்பா! எல்லா மிஸ்ஸும் உங்களைப் பத்திப் பேசுறாங்க. நீங்க ஹால்ல என்னைப் பத்தி ஸ்பீச் குடுத்தீங்களாம். எவ்ரிபடி கிளாப்பிங்காம். என்ன சொன்னீங்க? எனக்குச் சொல்லுங்க.”

அகிலா பையனின் பையை வாங்கிக்கொண்டு கிளம்பப் போனாள். போகவில்லை.

“உன் உம்மாதாம்மா நல்லாப் பேசினா” என்றார்.

“நோ, நீங்க. ஹெட் சொன்னாரு, கிராண்ட்ஃபாதர்னு.”

“நான் பேசுனது வேற. உன் உம்மா மாத்திச் சொன்னா.”

ஆலியா அதை யோசித்தாள். நெற்றியில் ஒரு சின்ன மடிப்பு விழுந்தது. அவள் யோசிக்கிறபோது இவ்வளவு நேரம் யாரும் நின்று பார்த்ததில்லை. அவரும் இதற்கு முன் நின்றதில்லை. நின்றார்.

“அப்ப நீங்க என்ன சொன்னீங்க?”

“மட்டமான பிள்ளைகன்னு சொன்னேன்.”

“மட்டமான?” அவள் அந்தச் சொல்லை நாக்கில் வைத்துப் பார்த்தாள். தெரியவில்லை. “மட்டம்னா என்ன அப்பா?”

கிதாபைத் திறக்காமல் ஓதிய வீட்டுப் பிள்ளை அவர். ஒரு தமிழ்ச் சொல்லுக்கு அர்த்தம் சொல்ல முடியாமல் வெயிலில் நின்றார். ஆலியா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவருக்குத் தெரியாதுபோல என்று அகிலா பக்கம் திரும்பினாள்.

“ஆன்ட்டி, மட்டம்னா என்ன?”

அகிலா அவரைப் பார்த்தாள். வேர்த்து வழிகிற நெற்றியையும், நேராக நிற்கப் பார்க்கிற முதுகையும் பார்த்தாள்.

“மட்டம்னா லெவல்டா” என்றாள். “அன்புவோட அப்பா சைட்டுல ரசமட்டம் வச்சுச் சுவரைப் பாப்பாரு. மேடு பள்ளம் இல்லாம எல்லாம் ஒண்ணு போல இருந்தா, மட்டமா இருக்குன்னு சொல்லுவாங்க.”

“ஓ! சேம் லெவல்!” ஆலியாவின் முகம் விரிந்தது. அன்பரசனின் தோளில் தோளை இடித்து, தலைக்கு மேல் கையை வைத்து உயரம் பார்த்தாள். “அன்பு, நீயும் நானும் மட்டம்!”

அன்பரசன் சிரித்தான். அகிலா சிரிக்கவில்லை. போகலாம் என்பதுபோல் அவருக்குத் தலையசைத்தாள். வழி திறந்துதான் இருந்தது. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும்.

செய்கு அலாவுதீன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளையின் முகத்துக்கு நேரே, முழங்கால் வலிக்க வலிக்கக் கீழே குனிந்தார்.

“இல்லம்மா” என்றார். “நான் சொன்னது அந்த மட்டம் இல்ல.”